கொடிமேடையிலிருந்து ஆஸ்பத்திரி வரை

பூவந்துறையில் சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு இரண்டு மேடைகள் போட்டார்கள். ஒன்று ஏணிச் சின்னத்துக் கட்சி போட்டது. மற்றது படகுச் சின்னத்துக் கட்சி போட்டது. கொடிக்கம்பம் மட்டும் ஒன்றுதான். அது மைதானத்தின் நடுவில் இருந்தது.

கம்பத்தை ஒட்டி தாணுமூர்த்தியின் நினைவுத்தூண். வெள்ளைக்காரன் காலத்தில் தாலுகா கச்சேரி வாசலில் குண்டடிபட்டு இறந்தவர் அவர். தாணுமூர்த்தி எங்கள் ஆள் என்று இரண்டு கட்சியும் சுவரெல்லாம் எழுதியிருந்தன. அவர் யாருடைய ஆளோ அவர்கள்தான் கொடியேற்ற வேண்டும் என்பது வாதம்.

அவருடைய தங்கை உலகம்மை உயிரோடு இருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஊருக்கு வெளியே முந்திரித் தோப்பில் ஆசிரமம் நடத்திவந்தார். சீடர்களுக்கு அவர் அம்மா.

இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியே வந்து கேட்டார்கள்.

"உங்க அண்ணன் எந்தப் பக்கம்? மைக்கில ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"விழாவுக்கு வர்றேன்" என்றார் அம்மா, இருவரிடமும்.

வேதரத்தினத்துக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஆசிரமத்தில் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்னால் ஏணிக் கட்சியின் பேச்சாளர். அவர் ஏறினால் மேடை அதிரும் என்பார்கள். பேசிப் பேசி ஊரில் பாதிப் பேரை எதிரியாக்கிக்கொண்டோம் என்று ஒருநாள் தோன்றியது. மைக்கை வைத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது தோப்பில் தண்ணீர் பாய்ச்சினார். மாலையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"யார் மேடையில உட்காரப் போறீங்கம்மா?"

"நிழல் இருக்கிற இடத்துல."

விழா அன்று அம்மா மைதானத்து ஓரம் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். வேதரத்தினம் பக்கத்தில் நின்றார். இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தேசியகீதம் பாட வரிசையில் நின்று வெயிலில் வாடினார்கள்.

படகுக் கட்சியின் நகரச் செயலாளர் குலசேகரன் முதலில் கம்பத்துக்கு வந்தார். கயிற்றில் கை வைத்தார். ஏணிக்காரர்கள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தார்கள்.

ஒரு நாற்காலி பறந்தது. பிறகு பல.

ஆசிரியைகள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். போலீஸ் தடியை எடுத்தது. கொஞ்ச நேரத்தில் மைதானம் காலியாகிவிட்டது. கம்பத்தடியில் குலசேகரன் மட்டும் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவருடைய ஆட்கள் யாரும் இல்லை.

அம்மா எழுந்து அவரிடம் போனார். வேதரத்தினம் பின்னால் போனார், மெதுவாக.

"தூக்கு" என்றார் அம்மா.

வேதரத்தினம் நின்றார். முன்பு ஒரு கூட்டத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது செருப்பு வந்து முகத்தில் விழுந்தது. எறியச் சொன்னவர் இந்தக் குலசேகரன்தான்.

அம்மா இரண்டாம் முறை சொல்லவில்லை. தானே குனிந்து குலசேகரனின் அக்குளில் கை கொடுத்தார். அவரால் அசைக்கக்கூட முடியவில்லை.

"விடுங்கம்மா" என்று வேதரத்தினம் உட்கார்ந்து முதுகைக் காட்டினார்.

ஆட்டோ வர வழியில்லை. அலங்கார வளைவுகள் கட்டி வீதியை அடைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வீதியின் அந்தக் கோடியில் இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் குலசேகரன் வலியோடு முனகினார். "உங்க ஆளுங்கதான்யா நாற்காலியை எறிஞ்சது."

வேதரத்தினம் நடையை எட்டிப் போட்டார்.

"தாணுமூர்த்தி எங்க ஆளுன்னு ஊருக்கே தெரியும். பொறுக்கல உங்களுக்கு."

"யாரு உங்க ஆளு? அவர் செத்தப்போ உன் கட்சியே கிடையாது!"

"உன் கட்சி மட்டும் இருந்துச்சோ?"

"கயித்துல முதல்ல கை வச்சது யாரு? நீதானே?"

"வைப்பேன். நாளைக்கும் வைப்பேன்."

"முதல்ல காலை ஊனி நில்லு. அப்புறம் வை."

முதுகில் இருந்தவர் வேதரத்தினத்தின் தோளில் ஒரு குத்து விட்டார். குனிந்து நடந்தபடியே வேதரத்தினம் பழைய மேடைக்குரலில் கத்தினார். கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் குலசேகரனைத் தள்ளுவண்டியில் கிடத்தி உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடும்வரை அவர் பேசிக்கொண்டேதான் போனார். வேதரத்தினம் படியில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வியர்வையும் ரத்தமும்.

"இத்தனை வருஷம் உங்ககிட்ட இருந்தும் வாயை அடக்க முடியலையேம்மா. அடிபட்டவனோட சண்டை போட்டுக்கிட்டே வந்திருக்கேன்."

"கேட்டேன்" என்றார் அம்மா.

"உங்க அண்ணன் காலத்துல எல்லாரும் ஒண்ணா இருந்தாங்க. இப்ப எங்களைப் பாருங்க."

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யார் சொன்னா ஒண்ணா இருந்தாங்கன்னு? அண்ணனோட சேர்ந்து போராட்டத்துல இருந்தவன் அருளப்பன். ரெண்டு பேருக்கும் ஒத்தே போகாது. அண்ணன் ஊர்வலம் போகணும்பான். அருளப்பன் தந்திக்கம்பியை அறுக்கணும்பான். எங்க வீட்டு வாசல்ல நின்னு, நீ கோழைன்னு கத்திட்டுப் போனான். மறுநாள் ஊர்வலம் கச்சேரி வாசலுக்கு வந்ததும் சுட்டாங்க. நானும் கூட்டத்துல இருந்தேன். எல்லாரும் ஓடிட்டாங்க. எங்கிருந்தோ அருளப்பன் வந்தான். அண்ணனைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்."

"அப்பவாவது சமாதானம் ஆனாங்களா?"

"எங்கே! நான் சொன்னதைக் கேட்டியாடான்னு அருளப்பன் திட்டினான். உன் பேச்சைக் கேட்டிருந்தா வெள்ளைக்காரன் ஊரையே சுட்டிருப்பான்னு அண்ணன் சொன்னான். ரத்தம் வழியுது, ரெண்டு பேரும் விடல. பாலத்துக்கிட்ட வரும்போது அண்ணன்கிட்டேயிருந்து பதில் வரல. பதில் சொல்லுடா, பதில் சொல்லுடான்னு அருளப்பன் அழுதுகிட்டே நடந்தான்."

வேதரத்தினம் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ரெண்டு பேர்ல யார் சொன்னதும்மா சரி?"

"தெரியல. ஆனா பாலம் தாண்டியும் அருளப்பன் அண்ணனைக் கீழே இறக்கல."