மிதித்த கூடை

கரட்டுக்காட்டில் ஆடுகளுக்கு ரோமம் கத்தரிப்பது குளத்து நண்டு. அந்த ரோமத்தை வாங்குவது ஒரே ஒரு ஆள், நரி. வேறு வியாபாரி வர நரி விட்டால்தானே! மழை பொய்த்துப் புல் கருகிய வருஷம் அது. ரோமத்துக்குக் கிடைக்கும் கொள்ளுதான் ஆடுகளுக்குச் சாப்பாடு. நரியோ தன் இஷ்டத்துக்குக் கொஞ்சமாய் அள்ளிப் போட்டது.

ஆடுகள் சிங்கராஜாவிடம் போய் அழுதன. ராஜாவுக்கு மனசு இளகிவிட்டது. ஒரு கூடை ரோமத்துக்கு ஒரு கூடை கொள்ளு, மீறினால் தோலை உரிப்பேன் என்று உத்தரவு போட்டது. ஆடுகள் துள்ளிக் குதித்தன. நரியும் கூடவே குதித்ததுதான் யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் நரி கூடையோடு வந்தது. ஓர் ஆட்டின் ரோமத்திலேயே கூடை நிறைந்தது. உடனே உள்ளே ஏறி, திம் திம் என்று மிதித்தது. கூடை பாதிகூட இல்லை! இன்னோர் ஆடு, இன்னொரு மிதி. மூன்று ஆடுகளை மொட்டையடித்த பிறகுதான் கூடை நிறைந்ததாக ஒப்புக்கொண்டது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே கூடை கொள்ளு கொடுத்தது.

அந்த மூன்றில் ஒன்றான மூக்கி என்ற ஆட்டுக்கு வயிறு எரிந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். இந்தக் கொள்ளை நம்பி அவை மழைவரை பிழைக்குமா? நேரே ராஜாவிடம் ஓடியது.

"கூடைக்குக் கூடை என்றேன். கொடுத்துவிட்டான். இன்னும் என்ன?" என்று ராஜா கொட்டாவி விட்டது.

அந்த நேரம் பார்த்து ராஜாவின் மெத்தைக்கு நரி ரோமம் கொண்டுவந்தது. கூடைக்கு ஒரு மான்தொடை விலை. உதறி உதறிப் பஞ்சாக்கி, மூன்று கூடை நிரப்பியிருந்தது. மூக்கிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு பவ்யமாகக் கேட்டது.

"நரியண்ணே, எங்களிடம் வாங்கும்போது மிதித்தீர்களே, ராஜாவுக்கும் அப்படியே மிதித்துக் கொடுங்களேன். ராஜாவுக்கா குறைத்துக் கொடுப்பீர்கள்?"

நரிக்கு வால்நுனிவரை வேர்த்தது. ராஜா பார்த்துக்கொண்டிருக்கிறதே, வேறு வழி? மிதித்தது. மூன்று கூடை ரோமமும் ஒரே கூடைக்குள் அடங்கிவிட்டது.

ராஜா அந்தக் கூடையைப் பார்த்தது. எடுத்து வைத்திருந்த மூன்று மான்தொடைகளைப் பார்த்தது. "அடப்பாவி! இத்தனை வருஷமும் இப்படித்தானா?" என்று பிடரி சிலிர்த்து எழுந்தது. ஆடுகளின் நஷ்டத்துக்குக் கொட்டாவி விட்ட ராஜாவுக்கு, தன் மான்தொடை போகிறது என்றதும் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது.

அன்றே புது உத்தரவு வந்தது. ரோமக் கூடைக்குள் இனி எவன் காலும் படக்கூடாது. மிதித்து வாங்கியதற்கெல்லாம் மிச்சக் கொள்ளைக் கொடுத்தாக வேண்டும். நரி முதுகு வளைய மூட்டை சுமந்து வந்து மூக்கியின் பட்டியில் கொட்டியது. குட்டிகள் இரண்டும் தலை நிமிராமல் தின்றன.

விலையைச் சொன்னவர் அளவையும் சொல்லாவிட்டால், நியாய விலையும் ஏமாற்றுக்காரன் காலடியில்தான் கிடக்கும்.