பதினோரு நிமிடத் தேடல்

திருநெல்வேலியில் இருபது வருடம் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்தவர் அற்புதராஜ். ஐம்பத்தொரு வயதில் மெஹருன்னிசாவிடம் இணையதளத் தொழில் கற்க வந்து சேர்ந்தார். அவளுக்கு முப்பத்திமூன்று. இணையதளங்களை ஆட்கள் முன் வைத்து, எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை.

ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு அவர் செய்த தளம் வெளியாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. பக்கத்தின் உச்சியில் மையத்தின் பெயரும் நிறுவனரின் படமும் மட்டும். மற்றதெல்லாம் ஓரத்தில் இருந்த மூன்று சின்னக் கோடுகளுக்குள். தொட்டால்தான் திறக்கும்.

சோதனைக்குக் கடைசியாக வந்தவள் காந்திமதி.

"டயாலிசிஸுக்கு ஒரு நேரம் பதிவு பண்ணுங்க" என்றாள் மெஹருன்னிசா.

காந்திமதி பெயரைத் தொட்டாள். படத்தைத் தொட்டாள். பக்கத்தை மேலும் கீழும் தள்ளினாள்.

"எங்க சார் இருக்கு?"

சோதனையின்போது யாருக்கும் வழி சொல்லக் கூடாது என்பது மெஹருன்னிசாவின் விதி. அற்புதராஜ் வாயைத் திறக்கவில்லை. பதினோரு நிமிடம் கழித்து காந்திமதியே எழுந்தாள்.

"எனக்குத்தான் தெரியல. மன்னிச்சுக்கோங்க."

டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

"மத்தவங்க எல்லாம் கண்டுபிடிச்சிட்டாங்களே மேடம்" என்றார் அற்புதராஜ். "இந்தம்மா ஒருத்தருக்காக மாத்தணுமா?"

"முடியலன்னா எல்லாரும் ரெண்டு நிமிஷத்துல எழுந்துருவாங்க. இவங்க ஏன் அவ்வளவு நேரம் தேடினாங்க? அவங்களையே போய்க் கேளுங்க."

நான்கு நாள் கழித்து காந்திமதியின் வீட்டுக்குப் போனார். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. காந்திமதி வெளியே வந்தாள். அழுதழுது குரல் கம்மியிருந்தது.

"என் வீட்டுக்காரருக்குத்தான் சார் பதிய வேண்டியிருந்தது. பழைய எடத்தை மூடிட்டாங்க. உங்க முன்னாடியே பதிஞ்சிரலாம்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தும் தேடினேன். நேர்ல போனா, கம்ப்யூட்டர்ல பதிஞ்சாத்தான் எடம்னுட்டாங்க. நேத்து மூச்சு முட்டிப் போயிட்டாரு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என் மரமண்டைக்கு எட்டல சார்."

அவர் திரும்பிவந்து மெஹருன்னிசாவிடம் சொன்னார். அவள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"சோதனை நடக்கும்போதுதான் சொல்லக் கூடாது. முடிஞ்ச பிறகு சொல்லியிருக்கலாம். எனக்கும் தோணல."

அன்று சாயங்காலமே அற்புதராஜ் நிறுவனரின் படத்தை எடுத்தார். அந்த இடத்தில் 'டயாலிசிஸ் பதிவு' என்று பெரிதாக ஒரு பட்டன் வைத்தார். படம் எங்கே என்று மையத்திலிருந்து சத்தம் போட்டார்கள். அவர் மசியவில்லை.

பிறகு மெஹருன்னிசாவின் எதிரே வந்து நின்றார்.

"அந்தம்மாவை மறுபடி பாக்கணும் மேடம். போய் என்ன சொல்லட்டும்?"

"தப்பு அவங்க மேல இல்ல, நம்ம மேலதான், பட்டன் இப்ப மேலேயே இருக்குன்னு சொல்லுங்க."