ஒரே மூச்சில் ஒரு தொடக்கவுரை

பிள்ளைகள் ஓடியாடி விளையாட வேண்டும் என்று பேரூராட்சித் தலைவர் ஆவுடைநாயகம் ஒரு மணி நேரமாக முழங்கிக்கொண்டிருந்தார். கோடைக் கபடி முகாமுக்கு வந்த பிள்ளைகளோ, அசையக் கூடாதென்ற அவர் உத்தரவுப்படி, வெயிலில் வதங்கி நின்றார்கள்.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் சீனியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, கபடிக் கோட்டுக்குள்ள நிக்கிறீங்க. இங்க ஒரே மூச்சுலதான் பேசணும். மூச்சு விட்டா பிள்ளைங்க அமுக்கிருவாங்க. கஷ்டமா இருந்தா வெளிய வந்துருங்க."

"எனக்கா கஷ்டம்? அந்தக் காலத்துல நான் கபடிப் புலி!"

மூச்சை இழுத்துப் பிடித்து ஆரம்பித்தார். 'பெரியோர்களே, தாய்மார்களே' தாண்டவில்லை, மூச்சு வாங்கிவிட்டது. நாற்பது பிள்ளைகளும் அவர்மேல் பாய்ந்தார்கள்.

"பேச்சு இன்னும் முடியலையே!" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"மூச்சு முடிஞ்சிருச்சேய்யா! அவுட்டானவங்க வெளிய உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, ஆட்டத்துக்கு விசில் ஊதினாள் சீனியம்மாள்.