தேருக்கு நூறு அடி தள்ளி

கொண்டல்பேரிக்காரர்களுக்குப் புத்தி மட்டு என்று அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. தளவாய் அதை நம்பியதே இல்லை. நம்புவானா? அவனும் கொண்டல்பேரிக்காரன்தானே.

தேரோட்டத்தன்று காலையில் அவன் தள்ளுவண்டியில் ஒரு அண்டா நிறையச் சுண்டல் ஏற்றினான். பித்தளை அண்டா. அவன் மனைவி செண்பகத்துக்குத் தாய்வீட்டுச் சீராக வந்தது. போன வருஷம் இதே தேருக்கு இரும்புச் சட்டியில் கடை போட்டு, பேரூராட்சிக்காரர்கள் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனதை அவள் இன்னும் மறக்கவில்லை.

“சுண்டல் வித்தாலும் சரி, விக்காட்டாலும் சரி. அண்டா இல்லாம மட்டும் வீட்டுக்குள்ள கால் வைக்காதீய, சொல்லிட்டேன்,” என்றாள்.

செண்பகம் சொன்னால் செய்கிறவள்.

துணைக்கு அவன் அண்ணன் பூதப்பாண்டியும், செண்பகத்தின் தம்பி இசக்கியும் வந்தார்கள். பஜார் முனையில் பேரூராட்சி ஒரு போர்டு வைத்திருந்தது. பூதப்பாண்டி எழுத்துக்கூட்டிப் படித்தான். “தேரிலிருந்து நூறு அடிக்குள் விற்பனைப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் பறிமுதல்.”

மூவரும் வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தார்கள்.

“தேர் ஒரு இடத்துல நிக்காதே அத்தான்? அது ஓடுமே?” என்றான் இசக்கி.

“அது ஓடினா நாமளும் ஓட வேண்டியதுதான் மாப்ள.”

“பேசாம இருநூறு அடியில போய் நின்னுட்டா?”

பூதப்பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. “போர்டுல இருநூறுன்னா போட்டிருக்கு? சர்க்கார் நூறுன்னு சொன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்லா. நீ என்ன சர்க்காரைவிடப் பெரிய ஆளா?”

இசக்கி வெட்கப்பட்டுத் தலைகுனிந்துகொண்டான்.

நூறு அடியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் பாக்கி. தளவாய் லாரி ஷெட்டுக்குப் போய், பாரம் கட்டுகிற தடிக்கயிற்றை நூறு அடி அளந்து வாங்கி வந்தான். கீழ ரதவீதி முனையில் தேர் நின்றுகொண்டிருந்தது. இழுத்தவர்கள் எல்லாம் நீர்மோர்ப் பந்தலில் இருந்தார்கள். கயிற்றின் ஒரு நுனியைத் தேரின் முன்வளையத்தில் கட்டினான். மறுநுனியை எதிர்த்த பஜார் ரோட்டில் நின்ற தன் வண்டியில் கட்டினான்.

“கயிறு விறைப்பா இருந்தா நூறு அடி. தொய்ஞ்சுதோ, அண்டா போச்சு,” என்றான்.

முதல் ஆளாக ஒரு தடித்த மனுஷர் வந்து ரெண்டு பொட்டலம் கேட்டார்.

“தாரேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னால அந்தக் கயித்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க. தொய்யுது பாருங்க.”

பிடித்தார். அடுத்து வந்தவரையும் பிடிக்கச் சொன்னான். இழுத்துப் பிடித்தால் ஒரு கை சுண்டல் கொசுறு என்று இசக்கி வேறு கத்திவிட்டான். கால்மணி நேரத்தில் கயிற்றில் அறுபது பேர். ஒரு பொட்டலம்கூட விற்கவில்லை. வாங்க ஒருத்தருக்கும் கை ஒழியவில்லையே!

தேரில் கட்டிய கயிறு கையில் கிடைத்தால் நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? எவனோ “அரோகரா!” என்று ஒரு சத்தம் போட்டான். சத்தம் கேட்டால் சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையை உருவுவது கட்டை போடுகிறவர்களின் வழக்கம். உருவிவிட்டார்கள். பந்தலில் இருந்தவர்களும் மோரைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். வலப்பக்கம் திரும்ப வேண்டிய தேர், நேராகப் பஜார் ரோட்டில் இறங்கியது.

தளவாய் திரும்பிப் பார்த்தான். உயிரே போய்விட்டது.

“அய்யய்யோ, தேர் கிட்ட வருது! தள்ளுண்ணே வண்டியை!”

தள்ளினார்கள். கயிறு விறைத்தது. கயிறு விறைத்ததும் கூட்டத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை, இன்னும் இழுத்தது. தேர் இன்னும் வேகமாக வந்தது.

“நாம ஓட ஓட பின்னாலயே வருதே அத்தான்! சாமிக்குச் சுண்டல் வேணும்போல!”

“யாரா இருந்தா என்ன? நூறு அடிக்குள்ள யாவாரம் கிடையாது!” என்று மூச்சு வாங்கினான் பூதப்பாண்டி.

பயந்த மனுஷன் வேறு எங்கே ஓடுவான்? வீட்டைப் பார்த்துத்தான் ஓடுவான். தபால் ஆபீஸ் தாண்டி, ரேஷன் கடை தாண்டி, தன் தெருவுக்குள் நுழைந்து, தன் வீட்டையும் தாண்டி ஓடினான் தளவாய். பின்னால் வந்த தேர் சரியாக அவன் வீட்டு வாசலில் சாக்கடைக்குள் சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது.

பேரூராட்சி அலுவலர் சாம்பசிவம் தலைதெறிக்க ஓடிவந்தார். “எவன்டா தேர்ல கயித்தைக் கட்டினது?”

தளவாய் கைகட்டி நின்றான். “சார், அளந்து பாத்துக்கிடுங்க. நூறு அடி. ஒரு அங்குலம் கொறையாது.”

அவர் கோபத்தோடு டேப்பைப் பிடித்து அளந்தார். சரியாக நூறு அடி இருந்தது. போர்டில் போட்ட கையெழுத்தும் அவருடையதுதான். மனுஷர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அண்டா தப்பியது! தளவாய்க்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது. வாசலில் நின்ற செண்பகம், “பத்திரமா இருக்குல்லா? உள்ள கொண்டாங்க,” என்று கூப்பிட்டாள். அண்டாவைத் தூக்கி இரண்டு எட்டு வைத்தவன் சட்டென்று நின்றான்.

“அண்ணே, வீடு தேரை ஒட்டியில்லா இருக்கு. அண்டாவோட போனா பறிமுதல்.”

“அண்டா இல்லாமப் போனா அக்கா உள்ள விடமாட்டா,” என்றான் இசக்கி.

பூதப்பாண்டி தேரைப் பார்த்தான். ஆயிரம் பேர் முக்கியும் அது அசையவில்லை. பிறகு வீட்டைப் பார்த்தான்.

“ஓட்டு வீடுதானே,” என்றான்.

பொழுது சாயும் நேரம் தேரைத் தூக்கக் கிரேன் வந்தபோது, வீட்டின் கூரை முழுவதும் இறங்கியிருந்தது. இசக்கி கதவை முதுகில் சுமந்து போய்க்கொண்டிருந்தான். தேருக்கு நூறு அடி தள்ளித் தளவாய் வாசல் நிலையை நட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் கட்டில் போட்டு, அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி செண்பகம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் அரைமணி நேரத்துல தேரை எடுத்துருவோமே, எதுக்குய்யா வீட்டை மாத்துதீய?” என்று கேட்டார் கிரேன் டிரைவர்.

தளவாய் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“வெளியூர்க்காரரு, உங்களுக்கு விவரம் பத்தாது. அடுத்த வருஷமும் நாங்க ஓடினா, தேர் அதே சாக்கடையிலதானே வந்து நிக்கும்?”