மஞ்சள் தண்ணீர் சிவந்த வழக்கு

தாழங்குளத்தின் கரையில் காட்டுக்கோழி தலையில் அடித்துக்கொண்டு அழுதது. அடைகாத்து வந்த முட்டைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"யாரு தின்னதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன்!" என்று நரி முன்னால் வந்தது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. பஞ்சாயத்து பண்ணுவதில் அதற்கு அவ்வளவு ஆசை!

கொட்டாங்குச்சியில் மஞ்சள் கரைத்த தண்ணீரை வைத்தது.

"ஒவ்வொருத்தரா வந்து காலை நனைங்க. நான் மந்திரம் சொல்லிக் கலக்குவேன். திருடன் காலு பட்டா தண்ணி ரத்தமாச் சிவக்கும். அவனுக்கு இனிமே இந்தக் குளத்துல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது!"

முயல் காலை நனைத்தது. நரி வலக்கையால் கலக்கியது. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. குரங்குக்கும் அப்படியே.

அடுத்து உடும்பு. இந்தத் தடவை நரி இடக்கையை விட்டுக் கலக்கியது. தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆனது!

"பாத்தீங்களா!" என்று துள்ளியது நரி.

உடும்பு சுற்றிலும் பார்த்தது. கொளுத்தும் கோடை. பக்கத்தில் வேறு குளமும் இல்லை. துரத்தினால் தாகத்தில் சாக வேண்டியதுதான். நேற்று அது தின்றதோ இரண்டு வண்டும் ஒரு தவளையும். ஆனால் முட்டைத் திருடன் என்ற பெயர் பிறந்ததிலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறதே, யார் நம்புவார்கள்?

பயத்தில் நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. உடும்புக்கு நாக்குதான் மூக்கு. நரியின் இடக்கையிலிருந்து ஒரு வாடை வந்தது. சுண்ணாம்பு! நேற்று விறகு வெட்டுபவர் சுண்ணாம்பு டப்பாவைக் காணோம் என்று வெறும் வெற்றிலையை மென்றபடி திட்டிக்கொண்டு போனாரே!

"நரியாரே, நீங்களும் இந்த ஊருதானே? வேற மஞ்சள் தண்ணில உங்க இடக்கையை நனைச்சுக் காட்டுங்க!" என்றது உடும்பு.

"ஆமா, நனைக்கட்டும்!" என்று குரங்கு கத்தியது.

நரி திருதிருவென்று விழித்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, திரும்பி நின்று இடக்கையை அவசர அவசரமாக நக்கியது. மகா புத்திசாலி! சுண்ணாம்பை நக்கினால் சும்மா விடுமா? நாக்கு வெந்து போயிற்று.

"ஐயோ! ஆ! ஆ!" என்று வாயைப் பிளந்தது. அதன் கடைவாயில் முட்டை ஓடு ஒன்று சிக்கியிருந்தது.

"அடப்பாவி, என் புள்ளைங்களையா தின்ன!" என்று கோழி பாய்ந்து கொத்தியது. மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, நரி குளத்தைத் தாண்டி ஓடியே போனது.

"அப்ப தண்ணி சிவந்தது?" என்று கேட்டது முயல்.

உடும்பு ஒரு காட்டு எலுமிச்சையைக் கடித்து, சிவந்த தண்ணீரில் பிழிந்தது. சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது.

"மந்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. சுண்ணாம்பு காரம். அது பட்டா மஞ்சள் சிவக்கும். எலுமிச்சை அமிலம். அது காரத்தை அடக்கினா பழைய நிறம் வந்துடும். இதுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்? முட்டாளுங்களா, என்னைக் கொல்லப் பாத்தீங்களே!"

ஒருவருக்கும் நிமிர்ந்து பார்க்க முகமில்லை. கோழி அழுத கண்ணோடு நகர்ந்து, தண்ணீர் குடிக்க உடும்புக்கு முதலில் வழி விட்டது.

சோதனையின் முடிவை நம்புவதற்கு முன், சோதிப்பவனின் கையைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.