வெயிட் என்ற சொல்லின் வேலை

வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இருளாண்டி மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை.

ரயில்வே கேட் கீப்பர், பேரன் பேத்தி எடுக்கிற வயசு, இங்கிலீஷ் படிக்க வந்திருக்கிறார் என்றால் சும்மாவா? மகள் செண்பகவல்லி, தமிழ் தெரியாத ஓர் அஸ்ஸாம்காரனைக் கட்டிக்கொண்டாள். "இனி இந்த வாசல்ல காலை வைக்காதே" என்று கத்தியவர் இவர்தான். அந்தக் கோபம் ஆறிப்போய் ரொம்ப நாளாயிற்று. அவள் வந்தால் மாப்பிள்ளையோடு நாலு வார்த்தை பேச வேண்டாமா? அதற்குத்தான் இந்தப் படிப்பு.

சொல்லித்தருகிற பியாட்ரிஸ் அவரைவிட ரொம்பச் சின்னவள். இருந்தாலும் குரு குருதான். மிஸ் என்றுதான் கூப்பிடுவார்.

"மிஸ், இது சரியான்னு சொல்லுங்க. ஐ வெயிட் மை டாட்டர்."

"வெயிட்டுக்குப் பின்னாடி ஒரு 'ஃபார்' போடணும் அண்ணாச்சி. யாருக்காகன்னு தெரியணும்லா?"

"ஐ வெயிட் ஃபார் மை டாட்டர்."

"நல்லா வருது. சரி, எப்படி வெயிட் பண்ணுதீக?"

"இதென்ன கேள்வி? போனைப் பக்கத்துல வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"நீங்களே ஒரு போன் போட்டா என்ன?"

"துரத்தி விட்டவன் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் போட? அவளா வரட்டும். நான் வெயிட் பண்ணுதேன்."

பியாட்ரிஸ் போர்டை அழித்துவிட்டு எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தச் சொல்லு பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்து வந்தது அண்ணாச்சி. அந்தக் காலத்துல அதுக்குக் காவல் பாக்கிறதுன்னு அர்த்தம். கோட்டை மதில் மேல நிக்கிறவன் பாக்கிற வேலை. சும்மா உக்காந்திருக்கிறதுங்கிற அர்த்தமெல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது."

"அப்போ ஓட்டல்ல வெயிட்டர்னு சொல்லுதாங்களே?"

"அவரும்தான். எந்த இலையில என்ன குறையுதுன்னு பாத்துக்கிட்டே நிக்கணும்லா?"

இருளாண்டி சிரித்தார். "நம்ம ஊர் ஓட்டல்ல அப்படி ஒருத்தனையும் நான் பாத்ததில்லை மிஸ்."

அவளும் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "ரயில் வந்தா நீங்க என்ன பாப்பீக?"

"குனிஞ்சு சக்கரத்தை. புகை வருதா, பொறி பறக்குதா, எதுவும் தொங்குதான்னு. கடைசிப் பெட்டியில இருந்து கார்டு கொடி காட்டுவாரு. நிமிர்ந்து நானும் காட்டுவேன். கேட்டைத் திறந்திருவேன்."

"ஜன்னல்ல இருக்கிற முகம்?"

"முகத்தைப் பாத்தா சக்கரம் தப்பிரும். இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு முகம் பாத்ததில்லை." அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"நேத்துச் சாயங்காலப் பாசஞ்சர்ல நான் வந்தேன். கடைசிப் பெட்டி. உங்க கேட் வந்ததும் எதிர்த்தாப்புல இருந்த பொண்ணு, மடியில இருந்த பிள்ளை கையைப் பிடிச்சு ஜன்னல் வழியா ஆட்டிச்சு. நீங்க குனிஞ்சவரு குனிஞ்சபடியே நின்னீக."

இருளாண்டியின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாருன்னு கேட்டேன். எங்கப்பான்னு சொல்லிச்சு."

"பிள்ளையா? அவளுக்குப் பிள்ளை இருக்கா?"

"பொம்பளப்பிள்ளை. வெள்ளிக்கிழமை தவறாம இதுக்குன்னே அந்தக் கடைசிப் பெட்டியில ஏறி வருதாம். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பிப் போயிருது. அப்பாவுக்குக் கோபம் ஆறலை, மூஞ்சியில முழிக்கக்கூடாதுன்னுதான் குனிஞ்சிக்கிறாருன்னு ஒரே அழுகை. இன்னும் ஒரே ஒரு தடவை வந்து பாக்கேன், அதோட விட்டிருதேன்னு சொல்லிச்சு."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சக்கரத்தைப் பாக்காம இருக்க முடியாதே மிஸ். ஆயிரம் உசுரு போற வண்டி."

"பாருங்க அண்ணாச்சி, யாரு வேண்டாம்னா? கார்டு கொடிக்கு நிமிருவீகள்லா, அதுக்கு ஒரே ஒரு ஜன்னல் முந்தியே நிமிருங்க."