மூடி போட்ட காபி

வைரவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். காரைக்குடியில் அவருடைய இரும்புக் கடைக்கு வருகிறவர்கள், "முதலாளி இன்னைக்கு எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேறுவார்கள். அந்தப் பாழாய்ப் போன கோபத்தில்தான் பெற்ற மகளையே பறிகொடுத்தார்.

மகள் விசாலாட்சிக்குப் பிடித்த பையன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். கொடுத்த காபியை டம்ளரில் வாய் வைத்துக் குடித்தான். எல்லோரும் அண்ணாந்தே குடிக்கிற வீடு அது. வைரவன் அவன் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கித் தெருவில் வீசினார். அன்றைக்கே மகளும் வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

இத்தனை வருஷம் கழித்துப் போன வாரம் அவளே போன் செய்தாள்.

"உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கா. வாங்கப்பா. ஆனா ஒரு சத்தம் போட்டீங்க, அதோட சரி. அப்புறம் கதவு திறக்காது."

மனுஷனுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மகள் இருக்கும் புனேவுக்குப் போகும் விடியற்காலை விமானத்துக்குத் தன் குருவையும் கையோடு கூட்டி வந்துவிட்டார். தையல்நாயகி அம்மா அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அவருக்குத் தாயேதான்.

"தாயே, அங்கே போய் எனக்குக் கோபம் வரக் கூடாது. ஒரு வழி சொல்லுங்க."

"முதல்ல காபி குடிங்க."

விமான நிலையத்துக் காபிக் கடையில் ஒரு பெண் மூடி போட்ட இரண்டு காகிதக் கப்புகளை நீட்டினாள். அம்மா தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். வைரவன் கடை முன்னால் நின்றபடியே பழக்க தோஷத்தில் அண்ணாந்தார். மூடியின் ஓட்டையில் ஒன்றும் வரவில்லை. ஓர் உதறு உதறினார். மூடி கழன்று, கொதிக்கக் கொதிக்கக் காபி மோவாயிலும் கழுத்திலும் கொட்டியது. மகளைப் பார்க்கவென்று போட்ட வெள்ளைச் சட்டை பாழ்.

விடுவாரா?

"ஏய்! இது மனுஷன் குடிக்கிற காபியா?"

"ஐயோ சார்! அதை வாய் வச்சுத்தான் குடிக்கணும். வேற போட்டுத் தரேன் சார்."

"எனக்கே சொல்லித் தர்றியா? உன்னை எவன் வளர்த்தான்?"

கையில் இருந்த கப்பைத் தரையில் ஓங்கி அடித்தார். வரிசையில் நின்றவர்கள் விலகினார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணியோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் செய்த தப்புதான் என்ன? காபி போட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

வைரவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். அம்மா கப்பில் வாய் வைத்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா தாயே! இதுங்ககிட்ட எப்படிக் கோபப்படாம இருக்கிறது?"

அம்மா இன்னொரு வாய் குடித்தார்.

"மககிட்ட நான் இப்படி இருக்க மாட்டேன். சத்தியமா அங்கே வாயே திறக்க மாட்டேன்."

அம்மா கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். புனே விமானத்துக்கு அழைப்பு வந்தது. வைரவன் பையைத் தூக்கிக்கொண்டார்.

"எழுந்திருங்க தாயே. என் மகளைப் பாக்கணும்."

தையல்நாயகி அம்மா எழுந்திருக்கவில்லை. கடை முன்னால் அந்தப் பெண் இன்னும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவளை இப்பத்தானே பாத்துட்டு வந்தீங்க" என்றார்.